மட்டக்களப்புக்கு ஒரு நிபந்தனையோடு போனேன்

வெள்ளி, காலை ஆறு மணி. கண்டி பஸ் நிலையத்தில் மட்டக்களப்பு பஸ் தயாராக நின்றது. சாரதி தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்க ஆறேகால் ஆகிவிட்டது. டிக்கெட் தொள்ளாயிரத்து இருபது ரூபாய். தூரம் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. என்னிடம் இருந்த சாமான்கள்: உப்பளக்கும் கருவி ஒன்று, பழைய பிஸ்கட் பெட்டிக்குள் அடுக்கிய வெற்றுப் போத்தல்கள், மாற்று உடுப்பு, தங்கப்போகும் வீட்டாருக்கென்று வாங்கிய கேக். இவற்றைத் தவிர, கடவுளுக்கு நான் போட்டிருந்த ஒரு நிபந்தனையும் கூடவே வந்தது.

அதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. நான் பண்டாரவளைக்காரன். கண்டியில் இரசாயனவியலில் முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கிறேன். களப்புகளின், அதாவது கடலோர வாவிகளின், உப்புத்தன்மையை அளப்பது என் வேலை. ஜெனிற்றா பெரியகல்லாற்றுக்காரி. அதே பல்கலைக்கழகத்தில் தமிழில் முதுமாணி செய்கிறாள், வயல்வேலைச் சொற்களைத் தொகுக்கிறாள், அதற்காக எனக்கு முன்பே ஊருக்குப் போயிருந்தாள். மாணவர் ஜெபக்குழுவில் பழக்கம். எனக்கு அவளைப் பிடிக்கும் என்பது குழுவில் கிட்டார் வாசிக்கிறவனிலிருந்து பாய் விரிக்கிறவன் வரைக்கும் தெரியும். அவளுக்குத் தெரியுமா என்பதுதான் எனக்குத் தெரியாது. குழுவில் மற்றப் பையன்களையெல்லாம் அண்ணா என்று கூப்பிடுகிறவள் என்னை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் ஓட்டியிருந்தேன்.

எங்களைப்போல ஞாயிறு பள்ளியில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதற்கும் அடையாளம் கேட்போம். வருடப்பிறப்பு ஆராதனையில் எடுக்கிற வேதவசன அட்டையில் பிரயாணம் என்று வந்தால் கடவுச்சீட்டுக்குப் படம் பிடிக்கப் போவோம். எந்தப் பேராசிரியரிடம் ஆய்வு செய்வது, எந்த அறையில் தங்குவது, எல்லாவற்றுக்கும் தேவசித்தம் தெரியவேண்டும். தேவசித்தம் என்று சொல்லிக்கொண்டாலும் அதில் ஒரு வசதியும் இருக்கிறது. காரியம் பிசகினால் பழி நம்மேல் விழாது.

அந்த வழக்கப்படி ஒரு மாதத்துக்கு முன் நான் ஜெபித்தேன். கல்லாற்றுக்குப் போகிறேன், நாலு நாள் அவள் வீட்டில் தங்குகிறேன், கலியாணப் பேச்சை அவள் முதலில் எடுத்தால் அது உம்முடைய சித்தம், எடுக்காவிட்டால் அவள் எனக்கில்லை என்று விட்டுவிடுகிறேன், நானாக வாய் திறக்கமாட்டேன் என்று. ஆமென் சொல்லும்போது நான் பெரிய விசுவாசி என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

மகியங்கனைக்கு இறங்கும் வளைவுகளில் பக்கத்து ஆசனக்காரர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். மகாஓயாவில் விழித்து, தன் பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து நீட்டினார். காத்தான்குடி, துணி வியாபாரம். கலியாணம் முடித்தாயிற்றா என்று கேட்டார். இல்லை என்றேன். பெண் எந்தப் பக்கம் என்று அடுத்துக் கேட்டார். அப்படி ஒருத்தி இருப்பதாக நான் சொல்லவேயில்லை. தங்கள் பக்கத்தில், முஸ்லிம்களில், மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு போய் இருப்பது, தமிழ் ஆட்களிலும் அப்படித்தான் என்று விளக்கினார். "நான் கலியாணம் முடிச்சு இருவது வருசம். எங்கட உம்மா வீட்டுக்குப் போனா எனக்கு விருந்தாளிப் பிளேட்டுலதான் சோறு வரும்," என்றார். சொல்லும்போது முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை. அதை அவரிடம் சொல்லவில்லை.

செங்கலடி தாண்டியதும் மலை என்ற பேச்சே இல்லை. வெளிச்சம் முழுவதும் கீழே இறங்கிவந்து தண்ணீரில் படுத்திருந்தது. மட்டக்களப்பில் இறங்கி இருவரும் கல்முனை பஸ்ஸைப் பிடித்தோம். அவர் காத்தான்குடியில் இறங்கும்போது, கலியாணத்துக்குச் சாறன் எடுப்பதென்றால் தன் கடைக்கே வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஆரையம்பதி, தேற்றாத்தீவு, களுவாஞ்சிக்குடி என்று பெயர்ப்பலகைகள் வந்தபடியிருந்தன. கடல் இடதுபக்கம், வாவி வலதுபக்கம், நடுவில் தென்னையும் வீடுகளும் கடைகளும் கோயில்களும். எங்கள் ஊரில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டின் கூரைதான் தெரியும். இங்கே எல்லா வீட்டு வாசலும் தெரிந்தது.

பெரியகல்லாற்றில் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்தவர் ஜெகன், ஜெனிற்றாவின் அக்கா கணவர். வாழைச்சேனையிலிருந்து இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவர். என் பிஸ்கட் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "வெறும் போத்தலோடயா வந்த நீங்க?" என்று கேட்டார். தன்னை ஜெகன் அத்தான் என்றே கூப்பிடச் சொன்னார். நான் அதையும் ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். ஊரில் எல்லாப் பொடியன்களும் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்பது பின்னேரம் தெரிந்தது.

சனிக்கிழமை முழுவதும் வாவிக்கரை. முழங்காலளவு தண்ணீரில் நின்று நான் போத்தல்களை நிரப்ப, ஜெனிற்றா கரையிலிருந்து நேரத்தையும் இடத்தையும் எழுதினாள். ஜெகன் அத்தான் வந்த கொஞ்ச நேரத்திலேயே பெற்றோல் அடிக்கவேண்டும் என்று போய்விட்டார். திரும்பி வந்தவர் ஐந்து நிமிடத்தில் சிகரெட் வாங்கவேண்டும் என்றார். அவருக்குச் சிகரெட் பழக்கமே கிடையாதாம்.

இப்படித் தனியாக விடப்பட்டபோதெல்லாம் நாங்கள் பேசிய விஷயங்கள் பின்வருமாறு: காற்று நல்லது. தண்ணீர் நல்லது. போன வருடத்தைவிட இறால் குறைவு. வெயில் ஏறுகிறது. மதியத்துக்கு நண்டுக் கறி. ஒருமுறை அவள், "ஸ்டான்லி, ஒண்டு சொல்லவா?" என்று தொடங்கினாள். போத்தலை மூடாமல் அவளைப் பார்த்தேன். அவள் வாயை ஒருமுறை மூடித் திறந்து, என் காற்சட்டையில் அட்டை ஒட்டியிருப்பதாகச் சொன்னாள். அது அட்டையில்லை, வெறும் பாசி. நானும் ஒருமுறை ஏதோ சொல்ல வாயெடுத்து, நிபந்தனை ஞாபகம் வந்து, தென்னைமரத்தைக் காட்டி எத்தனை வயது இருக்கும் என்று கேட்டேன்.

மாலை ஏழு மணிக்கு வீட்டு ஜெபம். ஜெனிற்றாவின் அப்பா காலமாகிவிட்ட வீடு. அம்மாதான் எல்லாவற்றுக்கும் தலை. பாட்டுப் பாடி, வேதம் வாசித்தாயிற்று. விருந்தாளிதான் ஜெபம் பண்ணவேண்டும் என்பது எங்கள் ஆட்களிடம் எல்லா ஊரிலும் உள்ள வழக்கம், அதனால் நான் தயாராகத்தான் இருந்தேன். அம்மா விண்ணப்பங்களைச் சொன்னார். அடுத்த வீட்டு அம்மாவின் கால் வலி, நாளைக்கு நடக்கவிருக்கும் அறுப்பின் பண்டிகை, ஜெனிற்றாவின் படிப்பு.

"மறுகா இன்னொண்டு தம்பி," என்றார். "வாற கிழம கனடாவில இருந்து ஒரு பொடியன்ட ஆக்கள் புள்ளயப் பாக்க வாறாங்க. இவள் ஓம் எண்டும் சொல்றாளில்ல, இல்ல எண்டும் சொல்றாளில்ல. கேட்டா, ஜெபிக்கிறன் எண்டுறாள். அதயும் சேத்துக்கொள்ளுங்க."

ஜெனிற்றா ஏற்கனவே கண்ணை மூடிவிட்டிருந்தாள். ஜெகன் அத்தான் கூரையைப் பார்த்தார்.

கால் வலிக்காக நன்றாகவே ஜெபித்தேன். பண்டிகைக்காக இன்னும் நன்றாக. அதற்குப் பிறகு வண்டி நின்றுவிட்டது. எங்கள் ஜெபங்களில் அடுத்த சொல் வராதபோது ஆண்டவரே என்று ஒரு சொல்லைப் போட்டு நேரம் எடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கு ஆண்டவரே, ஆண்டவரே என்று நான் சொல்லிக்கொண்டேயிருந்தேன். அந்தச் சம்பந்தம் கைகூடட்டும் என்று என் வாயால் கேட்க முடியவில்லை. கைகூடவேண்டாம் என்று அந்த அம்மாவுக்கு முன்னால் எப்படிக் கேட்பது? கடைசியில், வருகிற அந்தக் குடும்பத்தின் வாகனத்தை வழியில் பாதுகாத்தருளும் என்று சொல்லி ஆமென் போட்டேன். அம்மா கண்ணைத் திறந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, புட்டு ஆறுகிறது, வாருங்கள் என்றார்.

ஞாயிறு காலை சபையில் நுழைந்தபோது சந்தைக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. பீடத்தைச் சுற்றி நெற்கதிர்க் கட்டுகள், தேங்காய்க் குலைகள், வாழைக்குலைகள், பூசணிகள், எருமைத் தயிர்ச் சட்டிகள், ஓலைப் பெட்டியில் கூனி இறால், கால் கட்டிய நண்டுகள். பெரும்போக அறுவடை முடிந்த கையோடு ஒவ்வொரு குடும்பமும் தன் உழைப்பில் முதல் பங்கைக் கொண்டுவந்து வைப்பது. ஓர் ஓட்டோக்காரர் என்ன கொண்டுவருவது என்று தெரியாமல் புது டயர் ஒன்றைக் கொண்டுவந்து கதிர்க்கட்டில் சாய்த்திருந்தார். பாட்டுக்கு நடுவே ஒரு நண்டு கட்டவிழ்ந்து பாடகர் குழுவின் பக்கம் போனது. இரண்டாம் வரிசை அதோடு பாடுவதை விட்டுவிட்டது.

நான் பிரசங்கம் கேட்கவில்லை. முந்தின நாள் ஜெபத்தைத்தான் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதமாக ஆண்டவரிடம் உம்முடைய சித்தம் எது, எது என்று கேட்டிருக்கிறேன். எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவையாவது அவரிடம் சொன்னேனா? சொல்லவில்லை. வேண்டும் என்று சொல்லிவிட்டு இல்லை என்ற பதிலைக் கேட்பதற்குப் பயம். அந்தப் பயத்துக்கு நான் விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தேன். ஆனால் அந்தச் சம்பந்தத்துக்காக ஜெபிக்கச் சொன்னபோது வாய் வரவில்லை. எந்த வசன அட்டையையும்விட அது எனக்குத் தெளிவாக இருந்தது.

ஆராதனை முடிந்து முற்றத்தில் காணிக்கைப் பொருட்களின் ஏலம் தொடங்கியது. ஏலத்தில் எடுத்த பொருளைச் சிலர் மறுபடி ஏலத்துக்கே கொடுப்பார்கள். அப்படி ஒரு செங்கறுப்புச் சேவல் கைமாறிக்கொண்டேயிருந்தது. ஜெகன் அத்தான் என் கையைப் பிடித்து உயர்த்திவிட்டார். ஏலம் கூறியவர் மூன்று தரம் சொல்லி முடிப்பதற்குள் சேவல் என் கக்கத்தில் இருந்தது. வெளியூர்த் தம்பி கோழிக்கும் சேர்த்துத்தான் வீடு தேடவேண்டும் என்று யாரோ சொல்ல முற்றம் முழுவதும் சிரித்தது. ஜெனிற்றா முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சேவலை அணைத்தபடி நின்றுதான் நான் ஜெபித்தேன். நிபந்தனையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். எனக்கு இவள் வேண்டும். நானே கேட்கப்போகிறேன். கேட்டதால் இவள் எனக்கில்லை என்றாகிவிட்டால் அதைத் தாங்கவும் நீரே துணை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு வயிறு நன்றாகப் பசித்தது.

ஆனால் அன்றைக்குக் கேட்க முடியவில்லை. பின்னேரம் முழுவதும் வீடு நிறைய ஆட்கள், எல்லோரும் சேவலைப் பார்க்க வந்தவர்கள்.

திங்கள் காலை எட்டு மணிக்குக் குருமண்வெளித் துறை. வாவிக்கு அக்கரையில் மண்டூர். ஜெனிற்றா அங்கே வயல்காரர்களிடம் சொற்கள் கேட்கவேண்டும், நான் அக்கரைத் தண்ணீர் எடுக்கவேண்டும். இங்கே ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிப்போகும் தட்டையான இயந்திரப் படகைப் பாதை என்கிறார்கள். பாதையில் ஏறு, பாதை போய்விட்டது, அடுத்த பாதைக்கு நில். எங்களோடு மோட்டார் சைக்கிள்கள், பால் கலன்களோடு இரண்டு பேர், பாடசாலைக்குப் போகிற ஆசிரியைகள் சிலர். சூரியன் முதுகுக்குப் பின்னால். வாவி ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது.

ஜெனிற்றா அக்கரை மரங்களைக் காட்டி, அங்கேதான் முருகன் கோயில் இருக்கிறது என்றாள். "அங்க பூச செய்யிற கப்புகனார் வாயத் துணியால கட்டிக்கொண்டுதான் செய்வார். ஒரு சொல்லுப் பேசமாட்டார்," என்றாள். நானும் மூன்று நாளாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அவருக்காவது அது பூசை. எனக்கு?

"ஜெனிற்றா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றேன். "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

முன்னுரை எல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆசிரியைகள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வாவியில் குதித்துவிடலாம் போலிருந்தது.

"ஐயோ, உங்களுக்கில்ல சிரிக்கிற," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் ஒரு மாசமா ஆண்டவருக்குச் சொல்லி வச்சிரிக்கன். ஸ்டான்லி முதல் கேட்டாத்தான் ஓம், நான் கேக்கமாட்டன் எண்டு. எத்தின தரம் வாயத் திறந்து மூடின தெரியுமா? அண்டைக்கு அட்ட எண்டு சொன்னதும் அதான்."

என் நிபந்தனையையும் சொன்னேன். அவள் சிரிப்பு மெல்ல நின்றது. மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"அப்ப நீங்க முதல் கேட்டதால," என்றாள், "எனக்கு ஓம். உங்களுக்கு இல்ல."

"ஆமாம்."

"ஒரே ஆண்டவர். ஒரே பாதையில வச்சு ரெண்டு பதில்."

அக்கரை நெருங்கிக்கொண்டிருந்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். பாதை சத்தமில்லாமல் கரையை நோக்கி மிதந்தது. தேவசித்தத்தைத் தெரிந்துகொள்ள நாங்கள் ஆளுக்கொன்றாகச் செய்துவைத்த இரண்டு தராசும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. எதை நம்புவது?

"அடையாளத்த விடுங்க ஸ்டான்லி," என்றாள் கடைசியில். "உங்களுக்கு வேணுமா?"

"வேணும்."

"எனக்கும் வேணும்," என்றாள். பாதை கரையில் முட்டியது. மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின.

மண்டூர்க் கரையில் ஒரு மருதமரத்தடியில் நின்று ஜெபித்தோம். எதையும் கேட்கவில்லை, எதையும் பேரம் பேசவில்லை. நன்றி என்று மட்டும் சொன்னோம். அதற்கு மேல் என்ன சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை, ஆனாலும் ஆமென் சொல்ல மனமில்லாமல் நின்றோம். ஒரு மாதமாகக் கூரைக்கு மேலே தேடிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் நிற்பதுபோல் எனக்கு இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் இதற்கு முன் அறிந்ததில்லை. பிறகு வயல்காரர்களைத் தேடிப் போனோம். வட்டைக்குள், அதாவது அவர்களுடைய வயற்பரப்புக்குள், கிழக்கே போவதா மேற்கே போவதா என்று தெரியாமல் இருவரும் அரைமணி நேரம் சுற்றினோம். நான் அக்கரையில் நிரப்பிய போத்தல்களில் எதற்கும் இடம் எழுதவில்லை. அவற்றைக் கண்டிக்குக் கொண்டுபோய்ப் பிரயோசனமில்லை என்று பிறகு கொட்டிவிட்டேன்.

மதியம் வீட்டில் சொன்னோம். அம்மா அகப்பையைக் கீழே வைக்காமலே கேட்டார். கனடாக்காரருக்குத் தான் பதில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். "உங்கட அம்மாக்கு நீங்க சொல்லுங்க தம்பி. மகன இஞ்ச விடுவாவோ எண்டும் கேளுங்க. இந்த வீட்டுக்கு அங்கால ஜெனிற்றாட வளவு கிடக்கு, வீடு கட்டத்தான் வேணும்," என்றார். ஜெகன் அத்தான், தனக்கு இனி இந்த வீட்டில் ஒரு துணை கிடைத்தது என்று என் கையைக் குலுக்கினார். இந்தமுறை உண்மையாகவே பெற்றோல் அடிக்கப் போனார். என்னை மட்டக்களப்பு வரைக்கும் அவரே கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு.

பின்னேரம் மூன்று மணி பஸ். செங்கலடிச் சந்தி வரும்வரை பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அம்மாவுக்குப் போன் எடுத்தேன். பண்டாரவளையில் மழையாம், தகரத்தில் விழும் சத்தம் போனுக்குள் கேட்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், வீட்டோடு போய் இருக்கவேண்டும் என்பதையும்கூட. அம்மா நீண்ட நேரம் பேசவில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டே பேர், அம்மாவும் நானும். அந்த நேரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

"ஜெபிச்சியாப்பா?" என்று கேட்டார் கடைசியில்.

"ஜெபிச்சேன்மா."

"ஆண்டவர் என்ன சொன்னாரு?"

எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு எப்போதும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். ஒரு வசனமோ, ஒரு கனவோ, பஸ்ஸின் இலக்கமோ.

"எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு, அவகிட்ட வேற ஒண்ணு சொன்னாரு," என்றேன். "அப்புறம் நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவெடுத்தோம்மா."

அம்மா சிரித்தார். அழுதுகொண்டே சிரிக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது.

"இப்பத்தான்டா எனக்கு நம்பிக்கை வருது," என்றார். "அங்க எனக்கும் ஒரு அறை போடச் சொல்லு."